பதில் தந்த நேரம்

‘இதில் காட்டப்படும் நேரம் பதில் தந்த நேரம், விலை எடுத்த நேரம் அல்ல’ என்று தட்டிவிட்டு முனிரத்தினம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு அழித்தான், பிறகு அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தான். மத்தியானத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறது. சிப்காட்டுக்கு இரண்டாவது ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் பாகலூர் சாலையில் போய் முடிந்துவிட்டன, அப்படியென்றால் இரண்டரை தாண்டிவிட்டது. இந்நேரம் அவன் தூங்கியிருக்க வேண்டும். இருபத்துமூன்று வருஷமாக ராத்திரியில் உழைத்துப் பகலில் படுக்கிற உடம்பு. முதலில் ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் நைட் ஷிப்ட், அப்புறம் பேட்டரிக் கடைக்கு மேலே இந்த அறை, இந்த மடிக்கணினி, ஏதேதோ நாட்டுக்காரர்களின் பகல். சன்னலில் கறுப்புத் திரை. அக்கா பழைய குடைகளின் துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக் கொடுத்தது. குடைக் கம்பி குத்திய ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக உள்ளே வந்து தரையில் புள்ளி வைக்கும், அந்தப் புள்ளிகள் பாயைத் தாண்டிச் சுவருக்குப் போகும்போது மணி நாலு. இன்றைக்கு அவை இன்னும் பாயில்தான் கிடந்தன. ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். கிரிப்டோ நாணயங்களை இப்போது வாங்கு, இப்போது விற்றுவிடு, இப்போது சும்மா இரு என்று சிக்னல் கொடுக்கிற ஒரு கருவி. அதைக் கேட்கப்போகிறவர்கள் மனிதர்கள் இல்லை. ஏஜென்ட் என்கிற செயற்கை அறிவு எந்திரங்கள், யாரோ ஒருவர் தன் சேமிப்பை ஒப்படைத்து நீயே பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனவை. அந்த ஏஜென்டுகள் கருவி தேடி வருகிற இணையச் சந்தையில் இது ஆறு மணிக்கு ஏறுகிறது. எப்போது கேட்க வேண்டும், என்ன பதில் வரும், பதிலில் உள்ள எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று விளக்கம் எழுதுவது முனிரத்தினத்தின் பாடு. எல்லாம் எழுதியாகிவிட்டது. மிச்சம் இந்த ஒரு வரி.

யாரும் அவனுக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்டோரில் ராத்திரி இரண்டு மணிக்கு மேல் லாரி வராது, தூங்கினால் சூப்பர்வைசர் வருவார், அதனால் பெட்டிகளுக்குள் இருக்கும் கையேடுகளை எடுத்துப் படிப்பான், பம்பு எப்படி மாட்டுவது, வால்வை எந்தப் பக்கம் திருப்புவது, ஆங்கிலம் அப்படித்தான் வந்தது, திருகாணி திருகாணியாக. அப்புறம் தானே எழுத ஆரம்பித்தான், மாவரைக்கும் கிரைண்டருக்கு, சலவை எந்திரத்துக்கு, காப்பி எந்திரத்துக்கு, கணினி மென்பொருளுக்கு. ஒருவரும் படித்ததில்லை. வாங்கியவர்கள் பெட்டியைப் பிரித்ததும் கையேட்டை அலமாரித் தட்டில் விரித்து அதன்மேல் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள், அக்கா வீட்டிலேயே அப்படித்தான், என்னடா எழுதியிருக்க இதுல என்று கேட்டுவிட்டு எண்ணெய் டப்பாவை அதன்மேல் வைத்தாள். ஐம்பத்தொரு வயதில் முதல்முறையாக அவனுக்கு ஒரு வாசகன் கிடைத்திருக்கிறான், காற்புள்ளி விடாமல் படிக்கிறவன், படித்ததைச் சந்தேகப்படத் தெரியாதவன். அதை நினைத்தால் முனிரத்தினத்துக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். எழுதியிருப்பதுதான் அதற்கு உலகம். சன்னல் வழியாக எட்டிப் பார்க்க அதற்குச் சன்னல் கிடையாது. போன வாரம் எடுத்துக்காட்டுகளுக்காகக் கருவியை அவனே கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. வாங்கு, நம்பிக்கை நூற்றுக்கு எண்பத்தொன்று, நேரம் நாலு முப்பத்திரண்டு. ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டான். வாங்கு, எண்பத்தொன்று, நாலு முப்பத்துமூன்று. மறுபடியும். நாற்பது நிமிஷம் விலை அசையவே இல்லை, நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையில் விலை வந்துகொண்டிருந்த குழாய் எங்கோ அடைத்துப்போயிருந்தது; கருவி கடைசியாகத் தெரிந்ததையே எடுத்துக் கொடுத்து, கேட்ட நேரத்தை அதன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பொய் என்றும் சொல்ல முடியாது. அது சொன்னது எல்லாமே ஒரு சமயம் நிஜமாக இருந்தவைதான்.

சிங்கப்பூரில் இருக்கும் ரிச்சர்டிடம் அன்றைக்கே சொன்னான். தூத்துக்குடிப் பையன், முப்பது வயதுதான் இருக்கும், வேலை கொடுக்கிறவன் என்றாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவான், நேரில் பார்த்ததில்லை. இன்றைக்கு மத்தியானம் அவனே போன் பண்ணினான். “அண்ணே, சோறு தின்னாச்சா? அந்த ஒரு வரிய எடுத்துருங்கண்ணே.” முனிரத்தினம் அது எப்படி ரிச்சர்ட் என்றான். “பத்து ஏஜென்ட விட்டுச் சோதிச்சுப் பாத்தோம்ணே. அந்த வரி இல்லாம குடுத்தா ஒம்பது பேரு நம்மளத் தேர்ந்தெடுக்கான். வரியோட குடுத்தா ரெண்டு பேருதான். மத்த எட்டும் பக்கத்துக் கடைக்குப் போயிருது.” பக்கத்துக் கடைக்காரன் கருவியில் இந்தக் கோளாறு இல்லையா என்று கேட்டான். “இருக்கும், அவன் எழுதல. நீங்க என்னமோ பைபிள் எழுதுத மாதிரி எழுதுதீங்க. விளக்கம்தானண்ணே.” சிரித்தான். கெட்டவன் இல்லை, சிரிப்பில் அது தெரியும். “ரெண்டு மாசத்துல சரி பண்ணிருவோம். பண்ணுனதும் வரிக்கே வேலை இல்ல. இது எப்பவாச்சும் ஒருதரம் வரக்கூடியது.” அந்த ஒருதரத்தில் நாற்பது நிமிஷம் போனது என்றான் முனிரத்தினம். ரிச்சர்ட் குரலைத் தணித்து, “இனி வரப்போற மத்தப் பதினோரு கருவிக்கு எழுதுத வேலையும் உங்களுக்குத்தான்னு பேசி வச்சிருக்கேன். மேல உள்ளவன் என்ன சொல்லுதான் தெரியுமா, இந்த விளக்கத்தையும் எந்திரத்தையே எழுதச் சொல்லு, எதுக்கு ஒரு ஆளுங்கான். நான்தான் இல்ல, எங்க அண்ணன் எழுதுனா வேற மாதிரி இருக்கும்னு நிக்கேன். என்னைய நாறடிச்சிராதீங்க” என்றான். அதுவும் உண்மைதான். இந்த வருஷத்தில் மட்டும் மூன்று இடங்களில் இனிமேல் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாக எழுதி அனுப்பிவிட்டார்கள், அந்த மரியாதையான கடிதத்தையும் எந்திரம்தான் எழுதியிருக்கும். இந்தப் பதினொன்றும் போனால் ஓசூரில் ஐம்பத்தொரு வயதுக்காரனை ராத்திரிக் காவலுக்குத்தான் வைப்பார்கள், அதுவும் உயரம் பார்த்து. சரி என்று சொல்லித்தான் போனை வைத்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துதான் மறுபடி அந்த வரியைத் தட்டினான்.

சும்மா ஒரு வரிதானே, எடுத்துவிட்டுப் படுத்துவிடலாம், கண் எரிகிறது, இமைக்கு உள்பக்கம் மணல் கொட்டினாற்போல. படுத்தால் தூக்கம் வராது என்பதும் தெரியும். படுத்ததும் அந்தப் பெஞ்சு வந்துவிடும். இரும்புப் பெஞ்சு, நாலு பேர் உட்காரலாம், ஓட்டை ஓட்டையாக இருக்கும், உட்கார்ந்து எழுந்தால் தொடையில் புள்ளி புள்ளியாக அச்சு விழும். ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி. நாலு வருஷம் ஆகப்போகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு, கீழ்ப் பாதியில் வெள்ளைத் தாள் ஒட்டியிருப்பார்கள், எக்கி நின்றால் மேல் பாதி வழியாகத் தெரியும், மூன்றாவது கட்டில் மாதேஸ்வரி அக்கா. பெஞ்சிலிருந்து கதவுக்கு நடந்தால் பதினோரு எட்டு. முதல் நாள் எண்ணிப் பார்த்தான், இரண்டாம் நாளும் பதினொன்றுதான். மூன்றாம் நாள் விடிகாலை எண்ணவில்லை. அன்றைக்குக் காப்பி எந்திரத்தின் கையேடு, சுண்ணாம்புப் படிவத்தை எப்படி நீக்குவது என்ற அத்தியாயம், மடியில் கணினி, அதன் பேட்டரி செத்துப்போயிருந்ததால் ஒயரைப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தான், ஒயர் குட்டை, எழுந்தால் பிடுங்கிக்கொள்ளும், பிடுங்கினால் எழுதினது போய்விடும். அப்போதுதான் சென்னையிலிருந்து சங்கவி செய்தி அனுப்பினாள். அக்காவின் ஒரே பெண். மாமா அம்மா எப்படி இருக்கு, இப்பவே பஸ் ஏறட்டுமா, இல்ல பத்து மணி இன்டர்வியூ முடிச்சிட்டு வரட்டுமா. அவன் உட்கார்ந்தபடியே தலையை மட்டும் திருப்பி மேசையில் இருந்த நர்ஸம்மாவிடம் கேட்டான். அவள் நோட்டைப் பிரித்து, “ராத்திரி பதினொன்றரைக்கு டாக்டர் பார்த்துட்டு அப்படியே இருக்காங்கன்னு எழுதியிருக்காருங்க. இனி ஏழு மணிக்குத்தான் பார்ப்பாங்க. வேணும்னா கண்ணாடி வழியா பார்த்துக்கோங்க” என்றாள். நல்ல பெண்பிள்ளை. நேரத்தைச் சொன்னாள், இதற்கப்புறம் தெரியாது என்பதையும் சொன்னாள், வேணும்னா பார்த்துக்கோங்க என்றும் சொன்னாள். அவள் விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

சுவரில் புள்ளி ஏறிவிட்டது. நாலு மணி. போன் அடித்தது, சங்கவிதான். எடுக்காமல் விட்டால் வேறு என்னவோ ஏதோ என்று நினைத்துக்கொள்வாள், எடுத்தான். “மாமோவ், என்ன, வவ்வால் பகல்ல முழிச்சிருக்கு?” என்றாள். வேலை என்றான். “எப்பத்தான் வேலை இல்லங்கறீங்க. சாப்ட்டீங்களா, இல்ல பிஸ்கட்டா?” களி என்று பொய் சொன்னான். “யாரு, நீங்க? களி கிண்டினீங்க? எங்கம்மா மேல இருந்து சிரிக்குது.” அவளுக்கு அம்மாவைப் பற்றி இப்படிச் சிரித்துப் பேச வருகிறது, அவனுக்குத்தான் வருவதில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தாள். “நாளைக்கு எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த புள்ளைங்களுக்கு நான் பேசணும் மாமா. எப்படி இந்த வேலைக்கு வந்தேன்னு. நான் அந்த நாளைத்தான் சொல்லப்போறேன். அம்மா அங்க கிடக்குது, நான் இங்க சேலையைச் சுத்திக்கிட்டுப் போறதா வேண்டாமான்னு நிக்கறேன், அப்ப உங்க மெசேஜ் வருது.” முனிரத்தினம் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டான். “அதை இன்னும் வச்சிருக்கேன் மாமா. ஆறு பன்னெண்டு. ‘இப்பத்தான் பார்த்தேன், அப்படியேதான் இருக்கா, நிதானமா வா.’ அதைப் பெரிசா திரையில போடலாம்னு இருக்கேன். போடலாமில்ல?” எதுக்கும்மா அதெல்லாம் என்றான். “ஏன், வெக்கமா? கேளுங்க. நான் வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாங்கன்னு எல்லாரும் அழுதப்ப நான் ஒண்ணுதான் நினைச்சேன். காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு, மாமா கண்ணால பார்த்துச் சொல்லியிருக்கார், அப்புறம் திடீர்னு ஆயிடுச்சு, யாரு என்ன பண்ண முடியும். அதுதான் மாமா எனக்குத் தெம்பு.” யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று அங்கே சொல்லிவிட்டு, “ஆறு மணிக்கு ஃப்ரீ ஆயிடுவேன், தூங்கலன்னா கூப்பிடுங்க, தூங்கிட்டா கூப்பிடாதீங்க” என்று வைத்தாள்.

இப்பத்தான் பார்த்தேன். அந்த வார்த்தையை எதற்குப் போட்டான் என்று நாலு வருஷமாக யோசிக்கிறான், பிடிபடவில்லை. அப்படியேதான் இருக்கா என்று மட்டும் போட்டிருக்கலாம். நோட்டில் அப்படி இருக்கிறது என்று போட்டிருக்கலாம். ராத்திரி என்ற ஒரு சொல்லையாவது சேர்த்திருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லை, அந்தப் பெண் பதறக்கூடாது, இன்டர்வியூ கெடக்கூடாது, மனசு உறுதிப்படட்டும் என்று கை தானாகப் போட்டுவிட்டது. கேட்ட நேரத்துக்குத் தோதாக ஒரு பதில். அவன் அனுப்பிவிட்டுச் சுண்ணாம்புப் படிவத்துக்குத் திரும்பினான், மூன்றாவது படி, தொட்டியைக் கழற்றி வெதுவெதுப்பான நீரில் அலசவும். ஏழு மணிக்கு டாக்டர் உள்ளே போனார், போனவர் வேகமாக நடக்க ஆரம்பித்தார், கதவின் அடி இடுக்கில் நாலைந்து ஜோடிச் செருப்பில்லாத கால்கள் ஓடுவது தெரிந்தது, அப்போதுதான் அவன் எழுந்தான், ஒயர் பிடுங்கிக்கொண்டது. ராத்திரி எப்போதிலிருந்து சரிய ஆரம்பித்தாள் என்று அவனுக்குத் தெரியாது. கேட்கவில்லை. கேட்டால் ஒரு நேரம் சொல்வார்கள், அந்த நேரம் ஆறு பன்னிரண்டுக்கு முன்னால் இருக்கும். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போனாள். ஏழுக்கும் அதற்கும் நடுவில் சங்கவிக்கு ஒருமுறை கூப்பிட்டான், எடுக்கவில்லை, இன்டர்வியூவுக்குப் போனை அணைத்து வைத்திருந்தாள், அணைத்து வைத்திருக்கும் தைரியத்தைக் கொடுத்தவனே அவன்தான். ஆறேமுக்கால் பஸ்ஸைப் பிடித்திருந்தால் பன்னிரண்டேமுக்காலுக்கு, ஒரு மணி என்றே வைத்துக்கொண்டாலும், ஐம்பது நிமிஷம் இருந்திருக்கும். அக்கா கண்ணைத் திறந்திருக்க மாட்டாள். ஆனாலும் கை சூடாக இருந்திருக்கும். அந்த ஐம்பது நிமிஷத்தை அவன் எத்தனையோ பகல்கள் படுத்துக்கொண்டு நிமிஷம் நிமிஷமாக நகர்த்தியிருக்கிறான். சங்கவி வருகிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், உள்ளே விடுகிறார்கள், கையைப் பிடிக்கிறாள். அதோடு படம் நின்றுவிடும், அதே படம் திரும்ப வரும், நேரம் மட்டும் மாறிக்கொண்டே போகும்.

ஐந்தே கால். கீழே பேட்டரிக் கடையில் யாரோ லாரியை உறுமவிட்டுச் சோதித்தார்கள், தரை அதிர்ந்தது, தண்ணீர்ச் செம்பில் வட்டம் வட்டமாக அலை. எந்திரத்தின் வழியாகப் பணம் போட்டவர்களை நினைத்துப் பார்த்தான், முகம் வரவில்லை, எந்த நாட்டிலோ எவரோ, தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்காக அது விழித்திருக்கும். வாங்கு, எண்பத்தொன்று, இந்த நிமிஷம். அதுவும் நம்பி வாங்கும். முகமே தெரியாதவர்களுக்காக இவ்வளவு நோகிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டான், இல்லை என்பதும் அவனுக்குத் தெரியும். சோதித்துப் பார்ப்பதற்கென்று ரிச்சர்ட் கொடுத்திருந்த ஏஜென்ட் ஒன்று இருந்தது. அதன்முன் வரி இல்லாத விளக்கத்தை வைத்தான், விலைக் குழாய் அடைத்துக்கிடந்த அந்த நாற்பது நிமிஷத்துப் பதிலைக் கொடுத்தான். கண்மூடித் திறப்பதற்குள் எழுதிவிட்டது, சிக்னல் புதியது, நம்பிக்கை அதிகம், வாங்கிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கிப் பதில் சொல்லும் பிள்ளை மாதிரி. அடுத்து வரி உள்ள விளக்கத்தை வைத்தான். அதே பதிலைத்தான் கொடுத்தான். இந்த முறை ஒரு வினாடி கூடுதலாக எடுத்துக்கொண்டாற்போல் இருந்தது, அது அவன் பிரமையாகவும் இருக்கலாம். ‘இந்த விலை எப்போது எடுக்கப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் நடவடிக்கை எடுப்பது சரியல்ல. நேரடியாகச் சந்தை விலையைப் பார்த்துவிட்டு வருகிறேன்.’ முனிரத்தினம் அதைப் படித்தான். நேரடியாகப் பார்த்துவிட்டு வருகிறேன். மறுபடி படித்தான். எந்திரம்தான், அதற்குப் பாசம் பந்தம் ஒன்றும் இல்லை, அதற்கு ஒயர் குட்டையாக இல்லை, அதனால் சுலபம், என்று மனசுக்குள் ஒரு குரல் அதைச் சிறுமைப்படுத்தப் பார்த்தது, ஆனால் கண் கலங்கியதில் எழுத்து உடைந்தது, மூக்கைச் சிந்திச் சட்டையில் துடைத்துக்கொண்டான். யாரும் இல்லாத அறையில் அழுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை, இருந்தாலும் சன்னலைப் பார்த்துக்கொண்டான், குடைத்துணித் திரை, அதன் தையல், அக்கா நூலைப் பல்லால் கடிக்கிற சத்தம். பகல்ல படுக்கறவனுக்கு ராத்திரியையும் நான்தான்டா தைச்சுத் தரணும் என்பாள்.

வரியை விளக்கத்தின் கடைசியில்தான் வைத்திருந்தான். அதை வெட்டி மேலே கொண்டுபோய் முதல் வரியாக வைத்தான், கருவியின் பெயருக்கு அடுத்தபடியாக. இன்னொரு வரியும் சேர்த்தான். ‘விலை எப்போது எடுக்கப்பட்டது என்பதை இந்தக் கருவி சொல்லாது. தெரிய வேண்டுமென்றால் நீங்களே போய்ப் பார்க்கவும்.’ ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினான். வெயில் புள்ளிகள் சுவரில் ஏறி மங்கி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் ஆகியிருந்தன. ரிச்சர்ட் போன் பண்ணவில்லை, செய்தியாகத்தான் அனுப்பினான். அண்ணே, பாத்தேன். நான் அந்த ரெண்டு வரியையும் எடுத்துட்டுத்தான் ஏத்துவேன், உங்களுக்கே தெரியும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. ஏன்ணே இப்படிப் பண்ணுனீங்க. அப்புறம் மூன்றாவதாக, மத்தது பத்தி மேல பேசிட்டுச் சொல்லுதேன், உடம்பப் பாத்துக்கிடுங்க. எடுத்துவிடுவான். ஆறு மணிக்குக் கருவி சந்தையில் ஏறும், பத்தில் ஒன்பது பேர் வருவார்கள், முனிரத்தினம் எழுதிய மற்ற எல்லா வரிகளையும் காற்புள்ளி விடாமல் படித்து நம்புவார்கள். அவன் எழுதியதால் ஒன்றும் ஆகவில்லை. அதை உணர்ந்தபோது எதிர்பார்த்த அளவு வலிக்கவில்லை, அல்லது வலி வேறெங்கோ முன்பதிவு செய்யப்பட்ட இடத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பதினோரு கருவிகள். பதினோரு எட்டு. கணினியை மூடினான், ஒயரைச் சுவரிலிருந்து கழற்றினான், இப்போது இருப்பது நீளமான ஒயர்தான், அக்கா போன அடுத்த வாரமே வாங்கியது. சங்கவியிடம் இருக்கிற தெம்பைப் பிடுங்க உனக்கு என்ன உரிமை என்று அந்தக் குரல் கேட்டது. இவ்வளவு நாளும் சரியான கேள்வியாகத்தான் தோன்றியது. நாளைக்கு அவள் அதைப் பெரிதாகத் திரையில் போடப்போகிறாள். ஆறு பன்னிரண்டு என்று நெற்றியில் ஒட்டியிருக்கும்.

கூப்பிட்டான். சங்கவி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். “தூங்கலயா? அப்ப நிஜமாவே களி கிண்டித் தின்னுருப்பீங்க போல” என்று சிரித்தாள், பின்னால் லிப்ட் வந்து நிற்கும் சத்தம் கேட்டது, பேச்சுக்குரல்கள், வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். சங்கவி என்றான். அவன் குரலில் என்ன இருந்ததோ, சிரிப்பை நிறுத்திவிட்டாள். “அந்த மெசேஜத் திரையில போடாதம்மா.” ஏன் மாமா என்றாள். “இப்பத்தான் பார்த்தேன்னு போட்டிருப்பேன். நான் பார்க்கல.” லிப்ட் கதவு மூடிக்கொள்ளும் சத்தம், அவள் ஏறவில்லை போலிருக்கிறது. “பார்க்கலன்னா?” என்றாள். “நோட்டுல இருந்ததைச் சொன்னேன்.” “அது எப்ப எழுதினது?” முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டான். இதைக் கேட்க எந்திரத்துக்கு ஒரு வரி வேண்டியிருந்தது. “ராத்திரி பதினொன்றரை.” அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது அவனுக்குக் கேட்டது, பதினொன்றரையிலிருந்து ஆறு பன்னிரண்டு, ஆறு மணி நேரம், நாற்பது நிமிஷம், சொச்சம். “அப்ப நீங்க எங்க இருந்தீங்க?” “அங்கதான். வெளியில பெஞ்சுல.” “பெஞ்சுக்கும் கதவுக்கும் எவ்வளவு தூரம் மாமா?” “பதினோரு எட்டு.” அவள் போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தான், வைத்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. வைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு நடக்கிற சத்தம், ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம், அதோடு மற்றவர்களின் குரல்கள் அறுந்தன. எங்கோ தனியாக உட்கார்ந்துவிட்டாள். “இப்ப சொல்லுங்க” என்றாள், குரல் அக்காவுடையது மாதிரி இருந்தது, கோபம் வந்தால் அக்காவுக்கும் குரல் இப்படித்தான் அடங்கிப்போகும். “அந்தப் பதினொன்றரையில இருந்து சொல்லுங்க. தெரிஞ்சதைச் சொல்லுங்க. தெரியாததைத் தெரியலன்னு சொல்லுங்க. சேர்த்துச் சொல்லாதீங்க.” முனிரத்தினம் எழுந்து போய்ச் சன்னல் திரையை ஒதுக்கினான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. “பதினொன்றரையில இருந்து ஏழு மணி வரைக்கும்,” என்று ஆரம்பித்தான், “அம்மா எப்படி இருந்தாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா.”